ரயில் பார்ப்பதும் ரயில் செய்வதும்

(ராஜபாளையத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்று நான் பேசப்போவதில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வராத வீடு குறைவு. சாயங்காலம் ஏறுகிறோம், இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், படுக்கிறோம், விடிந்தால் எழும்பூர் வந்துவிடுகிறது. அந்த ரயிலை இழுத்துப்போன என்ஜின் எது, எந்த ஊர் ஷெட்டைச் சேர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. பதில் என்ஜினின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அதை நின்று படிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். படித்ததோடு நில்லாமல் வீட்டுக்கு வந்து, அதே என்ஜினை ஒரு சாண் நீளத்துக்குச் செய்து ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே பழகவேண்டும் என்பது என் கட்சி. பார்க்காதவன் செய்த ரயில் வெறும் பொம்மையாக நின்றுவிடுகிறது. செய்து பழகாதவனின் பார்வையில் பாதி விவரம் நழுவிப்போகிறது. இதை நம்முடைய விருதுநகர்–தென்காசி பாதையை வைத்தே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பார்ப்பது. என்ஜினின் முகத்தில் மூன்று நான்கு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். டபிள்யூ என்று தொடங்கினால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் இரண்டரை அடி குறுகிய பாதை. அடுத்த எழுத்து டி என்றால் டீசல், ஏ என்றால் மாறுமின்சாரம். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்கிறது: பி பயணிகள் ரயிலுக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும், எஸ் யார்டில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்ப்பதற்கு. ஆகவே டபிள்யூஏபி-7 என்று படித்தால், அகலப் பாதையில் மாறுமின்சாரத்தில் பயணிகள் ரயில் இழுக்கும் ஏழாவது வகை என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். பக்கவாட்டில் ஷெட்டின் பெயர் இருக்கும்: ராயபுரம், ஈரோடு, அரக்கோணம், பொன்மலை. பெட்டிகளுக்கும் எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி உங்களைவிட மூத்ததா இளையதா என்று அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய மஞ்சள் பெருக்கல் குறி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரயில் முழுதாக வந்து சேர்ந்ததா, நடுவில் கழன்று ஏதாவது பெட்டி பாதையிலேயே நின்றுவிட்டதா என்பதை நிலைய ஊழியர் அந்தக் குறியைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறார். இரவில் அதற்குத் துணையாகச் சிவப்பு விளக்கு மின்னும். ரயில் போன பிறகும் ஓர் ஊழியர் நடைமேடையில் நின்று அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர் பார்த்துச் சொன்னால்தான் பின்னால் வரும் ரயிலுக்கு அந்தத் துண்டுப் பாதையைக் கொடுக்க முடியும்.

நம்முடையது ஒற்றைப் பாதை. அதனால் ரயில் பார்க்கிறவருக்கு இங்கே ஒரு கூடுதல் இன்பம் உண்டு. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்கமுடியும். ‘கிராஸிங் போட்டுட்டாங்க’ என்று பெட்டிக்குள் அலுத்துக்கொள்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் நிலையம் முழு உயிரோடு இருக்கிறது. எந்த ரயில் கிளைப்பாதையில் ஒதுங்குகிறது, எந்தச் சிக்னல் முதலில் விழுகிறது, ரயிலைப் பாதை மாற்றிவிடும் முள் எப்போது மாறுகிறது என்று கவனித்தால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அன்றைக்கு என்ன கணக்குப் போட்டார் என்பதையே ஊகித்துவிடலாம்.

காதாலும் ரயில் பார்க்கலாம். பழைய பாதைகளில் 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களை இணைப்புத் தகடு வைத்து முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒரு தட்டுத் தட்டும். 47 விநாடியில் எத்தனை தட்டு விழுகிறதோ அதுதான் ரயிலின் வேகம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. கணக்கு எளிது: மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போனால் 13 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 47 விநாடி ஆகும். கைக்கடிகாரம் ஒன்று போதும். இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தட்டு பெரும்பாலும் போய்விட்டது. முள் மாறும் இடங்களில் மட்டும் கேட்கிறது. பாதைக்கும் பயணத்துக்கும் அது நல்லதுதான். ஆனாலும் அந்தத் தாளத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு அதன் இழப்பு தெரியும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று. அங்கேயும் அந்தக் காலத்தில் சதர்ன் ரயில்வே என்று ஒன்று இருந்தது. அதன் அலுவலகத்தில் இயன் ஆலன் என்ற இளைஞர் எழுத்தர். என்ஜின் எண்களையும் வகைகளையும் கேட்டு ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லா எண்களையும் ஒரு சிறு புத்தகமாகப் போட்டுவிடலாமே என்று நினைத்து, 1942-ல், உலகப் போர் நடுவில், தானே வெளியிட்டார். வாங்க ஆள் திரண்டது. அடுத்தடுத்து எல்லா ரயில்வேக்களுக்கும் அப்படிப் புத்தகங்கள் வந்தன. ஒரு தலைமுறைப் பையன்கள் கையில் பென்சிலோடு நடைமேடை முனையில் நின்றதற்கு அந்தச் சின்னப் புத்தகமே காரணம். ஜப்பானில் இன்னும் நுணுக்கமாகப் போயிருக்கிறார்கள். ஏறிப் பயணம் செய்வதையே ரசிக்கிறவர்கள் ஒரு வகை, படம் எடுக்கிறவர்கள் ஒரு வகை, ஒலியைப் பதிவு செய்கிறவர்கள் ஒரு வகை என்று ரசிகர்களுக்குள்ளேயே பிரிவுகளும் அவற்றுக்குப் பெயர்களும் உண்டு.

நம் பாதைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதை 1876-லேயே முடிந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை அது. மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, மணியாச்சி என்று நம் ஊர்களுக்குக் கிழக்காகவே போய்விட்டது. 1903-ல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் பாதை வந்தது. 1904-ல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் வரைக்கும் ரயில் போய்விட்டது. அத்தனைக்கும் பிறகும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ரயில் ஏற மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிழக்கே போகவேண்டியிருந்தது. விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குக் குறுக்குப் பாதை திறக்கப்பட்டது 1927-ல். மதுரையிலிருந்து தென்காசி போகிறவருக்குத் திருநெல்வேலியைச் சுற்றாமல் சுமார் 60 கிலோமீட்டர் மிச்சமாயிற்று. கொல்லம் மெயில் நம் ஊர் வழியாக ஓடியது இந்தக் குறுக்குப் பாதையின் தயவில்தான்.

அந்த மீட்டர் கேஜ் காலம் இந்த அரங்கில் பலருக்கு நினைவிருக்கும். நீராவிக் காலத்தில் மீட்டர் கேஜின் இரண்டு பெரும் உழைப்பாளிகள் ஒய்.பி.யும் ஒய்.ஜி.யும். முதலாவது பயணிகள் ரயிலுக்கு, இரண்டாவது சரக்குக்கு. இந்தியாவில் முதன்மைப் பாதைகளுக்குப் புது நீராவி என்ஜின் கட்டுவது 1972-ல் நின்றது. பிறகு ஒய்டிஎம்-4 டீசல்கள் வந்தன. நிலையத்துக்கு வெளியே கைகாட்டி மரம் நிற்கும். கை சாய்ந்தால் வா, கிடையாக இருந்தால் நில். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம் வரை போக அனுமதியாக ஒரு டோக்கன் தருவார்கள். பெரிய வளையத்தில் தொங்கும் தோல் பையில் அது இருக்கும். நிற்காமல் ஓடும் வண்டிக்கு ஊழியர் அந்த வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, என்ஜினில் இருப்பவர் கையை நுழைத்து வாங்கிக்கொண்டே பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். ஒரு கணம் தவறினால் வண்டியை நிறுத்தி இறங்கித் தேடவேண்டும். அந்த டோக்கன் கையில் இல்லாமல் வண்டி அடுத்த துண்டுப் பாதையில் நுழையக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டில்தான் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருந்தன.

2004-ல் நம் பாதை அகலப் பாதையாகப் பிறந்தது. பொதிகை அந்த ஆண்டுதான் வந்தது. செங்கோட்டைக்கு அப்பால் மலைப் பகுதியில் மீட்டர் கேஜ் இன்னும் சில ஆண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2010 செப்டம்பரில் அதையும் நிறுத்தினார்கள். வேலை எட்டு ஆண்டு நடந்து, 2018-ல் அகலப் பாதை முழுதாகத் திறந்தது. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் கொல்லம்–திருமங்கலம் சாலையை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலத்தை ஐயப்பன் கோவிலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். இங்கிருந்து அதே சாலையில் நேரே போனால் போதும். இப்போது நம் பாதையில் மின்கம்பி வந்துவிட்டது. ஊருக்கு அது பெரிய ஆதாயம். இருந்தாலும் எழுபது எண்பது ஆண்டு இந்த மண்ணில் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலின் ஒரு மாதிரிகூட நம் இரண்டு ஊர்களின் எந்தப் பள்ளியிலும் என் கண்ணில் படவில்லை. இதுதான் என்னை இங்கே பேசவைத்த விஷயம்.

ஒய்டிஎம்-4 பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த டிஎல்535 குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலானவை வாரணாசியில் கட்டப்பட்டன. அதே குடும்பத்தின் இன்னொரு கிளை அலாஸ்காவின் பனிமலையில் மூன்றடிக் குறுகிய பாதையில் ஓடியிருக்கிறது. ஒயிட் பாஸ் ரயில் என்று சுற்றுலாப் பயணிகள் கொண்டாடும் பாதை அது. அந்த அலாஸ்கா என்ஜினுக்கு ஜெர்மனியின் எல்.ஜி.பி. கம்பெனி மாதிரி போட்டு விற்றிருக்கிறது. ராஜபாளையம் வெயிலில் ஓடிய உறவுக்காரனை நாமாகச் செய்தால்தான் உண்டு.

இனி செய்வதைப் பற்றி. ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் மார்க்லின் குடும்பத்தார் 1859-ல் தகரத்தில் பொம்மை வீட்டுச் சமையல் சாமான் செய்து தொழிலைத் தொடங்கினார்கள். பொம்மை வீடு வைத்திருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஏதாவது சேர்த்து வாங்கித் தருவார்கள் அல்லவா? அதே முறையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும், ஆண்டுக்காண்டு நீட்டிக்கொள்ளக்கூடிய தண்டவாளங்களையும் 1891-ல் லைப்சிக் சந்தையில் வைத்தார்கள். இன்றைய மாதிரி ரயில் உலகத்துக்கு அதுதான் தொடக்கப் புள்ளி.

இதைக் கேட்கும்போது நம் வீட்டுக் கொலு உங்கள் நினைவுக்கு வரவேண்டும். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்ப்பது கொலுவின் மரபு. படிகளுக்கு முன்னால் தரையில் பிள்ளைகள் பார்க் கட்டுவார்கள். மண்ணைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்டால் வயல். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்தால் குளம். செங்கல்பொடியைத் தூவினால் ரோடு. அதில் ஒரு கோவில், ஒரு கடைத்தெரு, விளாச்சேரிக் களிமண் பொம்மைகள், மலைக்கு ஓரமாக ஒரு ரயில். மாதிரி ரயில்காரர் மேற்கே செய்யும் வேலையில் முக்கால்வாசியை ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் நம் பாட்டிமார் சாணிக்கரைசலும் மண்ணும் வைத்துச் செய்திருக்கிறார்கள். மிச்சக் கால்வாசி ஒன்றே ஒன்று: எல்லாம் ஒரே அளவில் இருக்கவேண்டும். கொலுப் பார்க்கில் செட்டியார் பொம்மை கோவிலைவிட உயரமாக இருக்கும், ரயில் பெட்டிக்குள் ஆடு நுழையாது. அங்கே அது குற்றமில்லை. மாதிரி ரயிலில் மட்டும் மனிதனும் மரமும் பாலமும் பெட்டியும் ஒரே விகிதத்தில் சுருங்கவேண்டும்.

அந்த விகிதம்தான் இந்தப் பொழுதுபோக்கின் கணக்கு வகுப்பு. உலகில் அதிகம் பழக்கத்தில் இருப்பது 87-ல் ஒரு பங்கு. ஹெச்ஓ என்று பெயர். ஐந்தரை அடி மனிதர் அதில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரம்பூரில் 1955 முதல் கட்டிய பெட்டி, நமக்கெல்லாம் நீல நிறத்தில் பழக்கமான ஐசிஎஃப் பெட்டி, 21 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். சுருக்கினால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். இப்போது வரும் எல்ஹெச்பி பெட்டி இருபத்தேழு. ஆண்டாள் கோவில் கோபுரம் 192 அடி. அதே விகிதத்தில் 67 சென்டிமீட்டர் வரும். பாட்டி வீட்டுக் கொலுவின் மூன்றாம் படியை எட்டும் உயரம். ரயில் அந்தக் கோபுரத்தடியில் ஒரு சாண் நீள என்ஜினோடு ஓடினால் எது எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே புரிந்துவிடும். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதைச் சொல்லித்தராது.

நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கினால் அது சரியாக வரும். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். சுருக்கினால் பத்தொன்பதேகால் வேண்டும். கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் பெட்டியை ஏற்றினால் அகலமான உடம்புக்குக் கால் ஒடுங்கி நிற்கும். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதில்லை. கண் உறுத்துகிறவர்கள் தாங்களே தண்டவாளம் போடுகிறார்கள்.

மீட்டர் கேஜுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி. சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வே மீட்டர் கேஜ்தான். அதை உலகமே மாதிரி செய்கிறது. அதனால் 87-ல் ஒரு பங்குக்குப் பொருத்தமான 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. தோட்டத்தில் ஓடவிடும் பெரிய வகையில், 22.5-ல் ஒரு பங்குக்கு 45 மில்லிமீட்டர் தண்டவாளம். அதுவும் மீட்டர் கேஜை மனத்தில் வைத்தே வகுத்த அளவு. ரேஷியன் ரயில்வேயின் லாண்ட்வாசர் பாலம் 1902-ல் கட்டி முடிந்தது. ஆறு கண், சுமார் 136 மீட்டர் நீளம். நம் பதிமூன்று கண் பாலமும் ஏறக்குறைய அதே வயது, சுமார் 100 மீட்டர். லாண்ட்வாசர் பாலம் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வீட்டு மேசைகளில் நிற்கிறது. நம் பாலத்தை ஹெச்ஓ அளவில் செய்ய ஒரு மீட்டர் பதினைந்து சென்டிமீட்டர் பலகை போதும்.

எல்லாவற்றையும் அப்படியே சுருக்கமுடியாது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே சுமார் 11 கிலோமீட்டர். சுருக்கினால் 126 மீட்டர். எந்த வீட்டில் இடமிருக்கிறது? நிஜ மீட்டர் கேஜின் மிகக் கடுமையான வளைவைச் சுருக்கினாலே ஒன்றேகால் மீட்டர் ஆரம் வரும். வீட்டு மேசையில் அரை மீட்டர் ஆரத்தில் திருப்பித்தான் ஆகவேண்டும். மலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 1,500 மீட்டர் உயரச் சிகரம் பதினேழு மீட்டர் வரும், ஐந்து மாடிக் கட்டடம். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பின்சுவரில் வண்ணத்தில் தீட்டுவார்கள். எதை விடுவது, எதைச் சுருக்குவது, எதை முழு அளவில் வைப்பது என்று முடிவு செய்யும்போதுதான் ஒருவர் தம் ஊரை உண்மையாகப் பார்க்கத் தொடங்குகிறார். ராஜபாளையம் நிலையத்தை மூன்றடிப் பலகையில் வைக்கவேண்டும் என்றால் எது இருந்தால் அது ராஜபாளையம்? இந்தக் கேள்வியோடு நடைமேடையில் போய் நின்று பாருங்கள். கூரையின் சாய்வு, தூணின் நிறம், மழைநீர்க் குழாய், தண்ணீர்க் குழாயடி ஈரம், காலை வெயில் மலைமேல் விழும் கோணம், மேகம் எந்த மாதத்தில் எந்தப் பக்கத்தில் இறங்கும் என்பது, எல்லாம் முதல் தடவையாகக் கண்ணில் படும்.

சாமான்களுக்கு வெளிநாடு போகவேண்டாம். மாதிரி மலை கட்டுவதற்கு உலகம் முழுதும் பயன்படுத்துவது பிளாஸ்டர் தோய்ந்த பேண்டேஜ் துணி. கம்பி வலையோ காகித உருண்டையோ வைத்து அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தினால் காய்ந்ததும் பாறையாகிவிடும். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி நமக்கு எத்தனை தூரம்? தறியில் விழும் துண்டுத் துணியும் ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரீஸும் இருந்தால் சஞ்சீவி மலை எழும்பிவிடும். பெட்டி கட்ட அட்டை வேண்டும். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகைக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் அட்டையை மடிப்பு போட்டு வெட்டத் தெரிந்த அச்சகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நீலப் பெட்டியின் நான்கு பக்கத்தையும் ஒரு தாளில் வரைந்து அச்சிட்டு, மடிப்புக்கோடு போட்டு வெட்டித் தந்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பசை போட்டு நிமிர்த்திவிடும். அட்டையில் செய்த மாதிரி ரயிலுக்கு உலகில் நல்ல மரியாதை உண்டு. பாதைக்கு ஜல்லி வேண்டுமா? நிஜ ஜல்லி ஐந்தாறு சென்டிமீட்டர். 87-ல் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எம்-சாண்டைச் சல்லடையில் சலித்தால் அதுதான். புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். மரத்துக்குக் காய்ந்த துளசிக் கதிர். மண்ணுக்கு நம் மண்ணே: சிவகாசிப் பக்கம் கரிசல், மலையடிவாரத்தில் செம்மண். இரண்டையும் பொடித்துச் சலித்து வைத்துக்கொண்டால், ரயில் எங்கே ஓடுகிறது என்று பெயர்ப்பலகை இல்லாமலே இந்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.

ஓட வைப்பதற்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் போதும். இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பி. சக்கரம் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், முனையை மாற்றினால் பின்னோக்கி ஓடும். அதற்கு மேலே ஒரே பாதையில் இரண்டு என்ஜினைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறைகளும் வந்துவிட்டன. அவை பிறகு. வாங்கும் என்ஜினுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பது உண்மை. அதனால் முதலில் ஓடாத ரயிலைச் செய்யுங்கள். நிலையமும் பாலமும் கைகாட்டியும் ஓடவேண்டிய அவசியமே இல்லை. என்ஜினை நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். இந்த ஊர் மில்களில் தேய்ந்த உதிரிபாகத்தைப் பார்த்து அதேபோல் இன்னொன்று கடைந்து தருகிற கைகள் எத்தனை! லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து மில்லிமீட்டரில் பேசுகிறவருக்கு ஒய்.பி. என்ஜினின் சக்கரம் கடைவது பெரிய காரியமில்லை. அவர்களை அழைக்காதது நம் குறை.

நேரில் பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு: புணேயில் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுதும் சேர்த்துக் கட்டிய சிறுவடிவ ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. நிஜ வண்டிகளுக்குச் சென்னை பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு. திருச்சி போனால் பொன்மலைப் பட்டறை பக்கத்தில்தான். நீலகிரி மலை ரயிலுக்கு இன்றும் புது நீராவி என்ஜின் கட்டத் தெரிந்த பட்டறை அது. ஹாம்பர்க்கில் இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் பதினாறு கிலோமீட்டருக்கும் மேல் மாதிரித் தண்டவாளம் ஓடுகிறது. அதைப் பார்த்து மலைக்கவேண்டாம். அதுவும் பகுதி பகுதியாக வளர்ந்ததுதான்.

பெற்றோர் மனத்தில் ஒரு கவலை இருக்கும். அதை நேராகவே பேசிவிடுகிறேன். ரயில் பார்க்கும் இடம் நடைமேடை. நடைமேடைச் சீட்டு எடுத்து, மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்று பார்ப்பது. ரயில்வே கேட்டுக்கு வெளியே சாலையில் நின்று பார்ப்பது. தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனையை விடுங்கள், மின் என்ஜின் பழைய டீசலைப்போல முழங்கிக்கொண்டு வராது. பின்னாலிருந்து வந்தால் காதுக்கு எட்டும்போது நேரம் கடந்திருக்கும். மேலே 25,000 வோல்ட் கம்பி. பெட்டிமேல் ஏறுவது, கம்பு, குடை, செல்ஃபி குச்சியை உயர்த்துவது எதுவுமே கூடாது. ரயிலை நேசிக்கிறவன் தன்னால் ஒரு வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க விடமாட்டான். பெண் பிள்ளைகளையும் நடைமேடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பையன்களுக்கான விளையாட்டு என்று இதை ஒதுக்கிவைத்ததற்குக் காரணம் எதுவுமே இல்லை. கொலுப் பார்க்கைக் கட்டியது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னுடைய கோரிக்கை ஒன்று உண்டு. நம் மீட்டர் கேஜ் நிலையங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அய்யாமார் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். நிலையக் கட்டடத்துக்கு என்ன நிறம் அடித்திருந்தார்கள், தண்ணீர் பிடிக்கும் கம்பம் எந்த முனையில் நின்றது, சரக்குக் கொட்டகையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சிவகாசி வெடிப்பெட்டியும் ராஜபாளையம் பஞ்சுப் பொதியும் மாம்பழக் கூடையும் எங்கே ஏற்றினார்கள், எத்தனை பாதை இருந்தது, முள் நெம்புகோல் எங்கே இருந்தது, இவையெல்லாம் உங்கள் நினைவில்தான் இருக்கின்றன. ஒரு புகைப்படம், ஒரு பழைய கால அட்டவணை, ஒரு பித்தளைப் பட்டன் இருந்தாலும் படி எடுத்துத் திருப்பித் தந்துவிடுகிறோம். மாதிரி செய்கிறவருக்குத் தோராயம் பயன்படாது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொட்டகையை ஒட்டமுடியாது. அதனால் அவர் கேட்கும் கேள்விகள் வேறு யாரும் கேட்காதவை. அந்தக் கேள்விகளால்தான் ஊரின் நினைவு துல்லியமாகப் பதிவாகும்.

வேலைத்திட்டம் இதுதான். வரும் நவராத்திரிக்குள் ஆறடிக்கு இரண்டடியில் மூன்று பலகை. ஒன்றில் கோபுரம் தெரியும் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையம், ஒன்றில் மலைக்கு முன்னால் ராஜபாளையம், ஒன்றில் பதிமூன்று கண் பாலம். காலம் 1980-ஐ ஒட்டி, மீட்டர் கேஜ், 12 மில்லிமீட்டர் தண்டவாளம். மூன்று பலகையும் ஓரத்தில் ஒரே உயரத்தில் முடியவேண்டும். அப்போதுதான் எந்த வீட்டில் செய்தாலும் ஒன்றாக இணைக்கலாம். பழைய கட்டடங்களில் எஞ்சியவற்றை அளக்க நிலைய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர்கள் போடலாம். அனுமதி வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, அளவு நாடா, நோட்டு, பென்சிலோடு பிள்ளைகள் வரவேண்டும். பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு பிள்ளையோடும் வரவேண்டும். லேத் வைத்திருக்கும் அண்ணன்மார் மேசையில் பேரும் நம்பரும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். சக்கரத்துக்கான வரைபடத்தை நானே பட்டறைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.